நாம் கூட்டி வந்த நாய்

2022-ம் வருடத்தைத் தமிழ் சினிமாவின் நாய் வருடம் என்றே சொல்லிவிடலாம். பொங்கலுக்கு 'நாய் சேகர்' வந்தது. ஏப்ரலில் 'ஓ மை டாக்'. ஜூனில் கன்னடத்திலிருந்து தமிழ் பேசிக்கொண்டு வந்தது '777 சார்லி'. டிசம்பரில் நாய் கடத்துபவராக வடிவேலு தோன்றிய 'நாய் சேகர் ரிட்டர்ன்ஸ்'. நான்கில் இரண்டு சிரிக்க வைப்பதற்காக எடுக்கப்பட்டவை. மற்ற இரண்டும் அழ வைத்தன. '777 சார்லி'யைப் பார்த்துவிட்டு அப்போதைய கர்நாடக முதல்வர் பசவராஜ் பொம்மை கண்ணீர் விட்ட காட்சி நாடு முழுக்கச் செய்தியானது. அவருடைய வீட்டு நாய் அதற்கு முந்தைய வருடம்தான் இறந்திருந்தது.

நாயும் மனிதரும் பற்றிய குடும்பப் படங்களுக்கு ஓர் இலக்கணம் உண்டு. யாருக்கும் வேண்டாத ஒரு குட்டி, யாரையும் வேண்டாத ஒரு மனிதரிடம் வந்து சேரும். முதலில் அவர் விரட்டுவார். இடைவேளைக்குள் இருவரும் ஒரே தட்டில் சாப்பிடுவார்கள். கடைசியில் ஒருவருக்காக மற்றவர் உயிரைக் கொடுப்பார். பெரும்பாலும் நாய்தான் கொடுக்கும். நம் ஊருக்கும் இது புதிதல்ல. தேவர் பிலிம்ஸ் யானையையும் பாம்பையும் நடிக்க வைத்தது. இராம. நாராயணன் படங்களில் குரங்கும் நாயும் சேர்ந்து வில்லனைப் பந்தாடின. அந்த விலங்குகளெல்லாம் மனிதர்களைவிட புத்திசாலிகள். காரை ஓட்டும், போனை எடுக்கும், சாட்சி சொல்லும். நாம் கை தட்டினோம்.

2022-ன் இரண்டு நல்ல படங்களும் வேறொன்றைச் செய்தன. அவற்றில் நாய் நாயாகவே இருந்தது. 'ஓ மை டாக்' கதையில் பிறவியிலேயே கண் தெரியாத ஒரு சைபீரியன் ஹஸ்கி குட்டியைக் கொன்றுவிடச் சொல்கிறார் அதை வளர்த்து விருது வாங்க நினைத்த பணக்காரர். அது தப்பி ஊட்டியில் ஒரு பள்ளிச் சிறுவனிடம் வந்து சேர்கிறது. விஜயகுமார், அவர் மகன் அருண் விஜய், பேரன் ஆர்னவ் என்று ஒரே குடும்பத்தின் மூன்று தலைமுறை அதில் நடித்திருந்தது. '777 சார்லி' இன்னும் ஒரு படி மேலே போனது. லாபத்துக்காகக் கூண்டில் அடைத்து, ரத்த உறவுக்குள்ளேயே இனப்பெருக்கம் செய்ய வைத்துக் குட்டி விற்கும் தொழில்தான் அந்தப் படத்தின் உண்மையான வில்லன். காசு கொடுத்து வாங்காதே, ஆதரவற்றதை எடுத்து வளர் என்பதுதான் அது சொன்ன செய்தி.

ஆனால் பார்வையாளருக்குப் போய்ச் சேர்வது செய்தி அல்ல, நாய்தான். இதற்கு ஆதாரம் இருக்கிறது. 1927-லிருந்து 2004 வரை வெளியான, நாய்கள் முக்கிய வேடமேற்ற 87 அமெரிக்கப் படங்களை எடுத்துக்கொண்டு, அந்த நாட்டில் நாய்களைப் பதிவு செய்யும் கென்னல் கிளப்பின் கணக்கோடு ஒப்பிட்டு 2014-ல் ஓர் ஆய்வு வெளியானது. ஒரு படம் வந்தால் அதில் நடித்த இனத்துக்குப் பிறக்கும் மோகம் பத்து வருடம் வரைகூட நீடிக்கிறதாம். 1943-ல் 'லாஸி கம் ஹோம்' வந்ததும் அடுத்த இரண்டு வருடங்களில் கோலி இன நாய்களின் பதிவு 40 சதவீதம் கூடியது. 1959-ல் டிஸ்னியின் 'தி ஷேகி டாக்' வந்த பிறகு ஓல்டு இங்கிலீஷ் ஷீப்டாக் பதிவு நூறு மடங்காயிற்று. இந்தியாவில் இதற்குப் படம்கூடத் தேவைப்படவில்லை. 2003-ல் ஒரு செல்போன் கம்பெனி விளம்பரத்தில் சிறுவன் பின்னால் ஓடிய பக் குட்டி போதுமாக இருந்தது. 'ஹட்ச் நாய்' என்று கேட்டு வாங்கினார்கள். தட்டை மூக்கு காரணமாக மூச்சு விடவே திணறும் அந்த இனம் நம் ஊர் வெயிலில் என்ன பாடுபட்டது என்பது மிருக வைத்தியர்களுக்குத் தெரியும்.

இந்த விஷயம் எங்கள் வீட்டுக்குள்ளும் வந்தது. நான் முப்பது வருடத்துக்கு மேலாக அந்தமானில் இருப்பவன். 2024-ல் போர்ட் பிளேர் என்ற பெயர் ஸ்ரீ விஜயபுரம் என்று மாறிவிட்டது. நாக்குதான் இன்னும் பழைய பெயரிலேயே நிற்கிறது. 2020-ல் சென்னையிலிருந்து கடலுக்கு அடியில் கேபிள் வந்த பிறகுதான் இங்கே தடையில்லாமல் வீட்டில் உட்கார்ந்து படம் பார்ப்பது சாத்தியமாயிற்று. 'ஓ மை டாக்'கை என் மகள் வயிற்றுப் பேரன் மூன்று முறை பார்த்தான். மூன்றாவது முறை முடிந்ததும் என்னிடம் வந்தான்.

"தாத்தா, நமக்கும் ஒரு ஹஸ்கி வேணும். சிம்பா மாதிரி."

"அது பனியில இழுவை வண்டி இழுக்கிற நாய்டா. நம்ம ஊர் புழுக்கம் தாங்குமா?"

"ஊட்டியில இருந்துச்சே?"

"ஊட்டியும் ஜங்கிலிகாட்டும் ஒண்ணா?"

"ஏசி போட்டுக்கலாம் தாத்தா."

வருடத்துக்கு ஏறக்குறைய 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிற ஊர் இது. துணி காய நாலு நாள் ஆகும். டீசலில் ஓடும் ஜெனரேட்டர்களை நம்பி மின்சாரம். இரட்டை அடுக்கு ரோமத்தோடு பிறந்த ஒரு பிராணியைச் சென்னையிலிருந்து மூன்று நாள் கப்பலில் கொண்டு வந்து, ஏசி அறையில் பூட்டி வைப்பதற்குப் பெயர் வளர்ப்பது அல்ல. இதையெல்லாம் சொன்னால் ஒன்பது வயதுப் பையனுக்கு ஏறாது. அதனால் அவனுக்கு இந்தத் தீவுக்கு நாய் எப்படி வந்தது என்ற கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். சொல்லச் சொல்ல, அது அவனுக்கு மட்டும் சொல்ல வேண்டிய கதையல்ல என்று பட்டது.

உலகத்தின் பெரும்பாலான இடங்களில் நாயும் மனிதரும் எப்போது சேர்ந்தார்கள் என்பதற்குத் தேதி கிடையாது. ஜெர்மனியில் பான் நகருக்கு அருகே ஓபர்காஸலில் 1914-ல் ஒரு கல்லறையைத் தோண்டினார்கள். சுமார் 14,000 வருடங்களுக்கு முன் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் ஒரு நாய்க்குட்டியும் அதில் ஒன்றாகப் புதைக்கப்பட்டிருந்தனர். அந்தக் குட்டியின் பற்களைப் பிற்காலத்தில் ஆராய்ந்தவர்கள், அது வாரக்கணக்கில் கடும் நோயில் கிடந்திருக்கிறது, யாரோ கவனித்துக்கொண்டதால்தான் அத்தனை நாள் பிழைத்திருக்கிறது என்றார்கள். வேட்டைக்கும் காவலுக்கும் உதவாத ஒரு நோயாளிக் குட்டி! நம் பக்கத்தில் திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் ஏழாம் நூற்றாண்டு, மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. மாடுகளைக் காக்கும் சண்டையில் இறந்த கருந்தேவக்கத்தி என்ற வீரனின் கல். அவனோடு அவன் நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அதன் பெயர் கோவிவன். இரண்டு திருடர்களைக் கடித்து, எஜமானன் அருகிலேயே காவல் நின்றதாகக் கல்வெட்டு சொல்கிறது. அந்தக் காலத்து எத்தனை மனிதர்களின் பெயர்கள் நமக்குத் தெரியும்? ஒரு நாயின் பெயர் தெரிகிறது.

அந்தமானில் மட்டும் இந்த உறவுக்குத் தேதி உண்டு. பல ஆயிரம் வருடங்களாக இந்தத் தீவுகளில் மனிதர்கள் வாழ்ந்தார்கள், நாய் இல்லை. 1857 கிளர்ச்சியை அடக்கிய பிறகு, கைதிகளை அடைக்க இடம் தேடிய ஆங்கிலேயர்கள் 1858 மார்ச்சில் டாக்டர் ஜே.பி. வாக்கர் தலைமையில் 200 கைதிகளோடு போர்ட் பிளேரில் இறங்கினார்கள். அந்தக் குடியேற்றத்தோடுதான் நாயும் கரையேறியது. கைதியைப் போலவே அதுவும் விரும்பி வரவில்லை.

இங்கிருந்த கிரேட் அந்தமானியர் அதுவரை காட்டுப் பன்றியை வில்லும் அம்பும் தங்கள் கண்ணும் காதும் கொண்டு மட்டும் வேட்டையாடியவர்கள். நாயின் மூக்கு என்ன செய்யும் என்று பார்த்ததும் புரிந்துகொண்டார்கள். சில பத்து வருடங்களுக்குள் நாய் இல்லாத வேட்டை அவர்களிடம் அரிதாகிவிட்டது. 1906-க்கும் 1908-க்கும் இடையே இங்கே தங்கி ஆராய்ந்த மானிடவியலாளர் ராட்கிளிஃப்-பிரவுன் வந்தபோது, நாய் அவர்கள் வாழ்க்கையின் அங்கமாகவே இருந்தது. ஒரு பழக்கம் ஒரு சமூகத்துக்குள் நுழைந்து வேர்விட்டதை இவ்வளவு கிட்டத்திலிருந்து பார்க்கக் கிடைத்த இடங்கள் உலகில் அதிகம் இல்லை.

ஆனால் அதே கப்பல்கள் வேறு சிலவற்றையும் கொண்டு வந்தன. 1877-ல் தட்டம்மை பரவியது. அதைத் தாங்கும் சக்தி அவர்கள் உடம்பில் இல்லை. குவியல் குவியலாக இறந்தார்கள். ஆயிரக்கணக்கில் இருந்த கிரேட் அந்தமானியர், 2011 கணக்கெடுப்பின்போது ஐம்பது பேர்கூட இல்லை. வெளியிலிருந்து வந்தவற்றில் அவர்களுக்கு உதவியாக நின்றவை மிகக் குறைவு. நாய் அதில் ஒன்று.

தெற்கே லிட்டில் அந்தமானில் ஓங்கிகள் கொஞ்சம் பின்னால் நாயை ஏற்றுக்கொண்டார்கள். அவர்களுடைய பன்றி வேட்டையும் நாயோடுதான். ஆனால் ஜராவாக்கள்? 1997-ல் காட்டிலிருந்து நம்மைத் தேடி வெளியே வரும்வரை வெளியாரை அம்பால் விரட்டியவர்கள், அந்தக் காலமெல்லாம் நாயில்லாமலே பன்றியைப் பிடித்துச் சாப்பிட்டு நன்றாக வாழ்ந்தார்கள். ஒரே கடல், ஒரே காடு, ஒரே பன்றி. ஒரு கூட்டத்துக்கு நாய் உண்டு, இன்னொன்றுக்கு இல்லை. நாய் மனிதனுக்கு அத்தியாவசியம் அல்ல என்பதை இது காட்டுகிறது. அது நாம் தேர்ந்தெடுத்த உறவு. தேர்ந்தெடுத்த உறவுக்குத்தான் பொறுப்பு அதிகம்.

அதன் பிறகு வந்தவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு நாயோடு வந்தார்கள் என்றே சொல்லலாம். 1949 முதல் கிழக்கு வங்க அகதிகள், மரம் வெட்ட வந்த ராஞ்சித் தொழிலாளிகள், 1969-லிருந்து கிரேட் நிகோபாரில் நிலம் கொடுத்துக் குடியமர்த்தப்பட்ட முன்னாள் ராணுவத்தினர், சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்தின் பேரில் இலங்கையிலிருந்து வந்து கச்சால் தீவு ரப்பர் தோட்டத்தில் இறக்கிவிடப்பட்ட தமிழர்கள், ராமநாதபுரத்திலிருந்து பிழைக்க வந்த எங்களைப் போன்றவர்கள். வயலில் பன்றி விரட்ட நாய், போலீஸ் முகாமில் துணைக்கு நாய், மீன் காயப் போடும் இடத்தில் தானாகச் சேர்ந்த நாய். மனிதன் பிறகு வேறு வேலை பார்த்துக்கொண்டு போனான். முகாம் கலைந்தது. நாய் கடற்கரையில் நின்றது.

அந்தமானில் புலி, நரி, ஓநாய் எதுவும் கிடையாது. இங்குள்ள பூர்வீக ஊனுண்ணிப் பாலூட்டி மரநாய் ஒன்றுதான். அதனால் தரையில் முட்டையிடும் ஜீவன்கள் உடும்புக்கும் பன்றிக்கும் பயந்தால் போதும் என்று லட்சக்கணக்கான வருடம் வாழ்ந்துவிட்டன. அந்தக் கணக்கில் நாய் இல்லை.

சில வருடங்களுக்கு முன் ரங்கத் பக்கத்தில் கத்பர்ட் பே கடற்கரைக்குப் போயிருந்தேன். ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் வரிசையில் நின்று, வண்டிகளோடு வண்டியாக ஜராவா காட்டைக் கடந்து போக வேண்டும். டிசம்பரிலிருந்து அங்கே பங்குனி ஆமைகள் கரையேறி முட்டையிடும். ஓர் ஆமை நூறு முட்டைக்கு மேல் இடும். வனத்துறைக் காவலர்கள் ராத்திரி முழுக்க டார்ச் வைத்துக்கொண்டு நடந்து, முட்டைகளை எடுத்து, வேலி போட்ட இடத்தில் மறுபடி புதைக்கிறார்கள். ஐம்பது நாள் போல் ஆனதும் குஞ்சுகள் வெளியே வரும்; கடலில் விடுவார்கள். வேலி எதற்கு என்று கேட்டேன். ராஞ்சி வம்சாவளியைச் சேர்ந்த வயதான காவலர் ஒருவர் என்னைக் கையைப் பிடித்து அழைத்துப் போனார்.

விடியற்காலை. மணலில் ஒரு குழி. சுற்றிலும் கிழிந்த பிங்பாங் பந்துகள் போல முட்டை ஓடுகள். மஞ்சள் கரு மணலோடு சேர்ந்து காய்ந்து கிடந்தது. குழியிலிருந்து நாய்க் காலடிகள் தென்னந்தோப்புப் பக்கம் போயின. எங்கள் கண் தப்பிய கூடு என்றார் அவர். அந்தமானுக்கே உரிய இந்தியில் அவர் சொன்னதன் சாரம் இதுதான்: "நாய்க்கு என்ன தெரியும் சாப்? பசிக்குது, தோண்டுது. இது பிறந்தது இந்தக் கரையில. இதோட பாட்டியைக் கொண்டு வந்து விட்டவன் மனுஷன்."

அவர் குடிசை வாசலிலும் ஒரு செம்பழுப்பு நாய் இருந்தது. முட்டைப் பருவம் முழுக்க அந்தியிலிருந்து விடியும்வரை அதைக் கட்டிப் போட்டுவிடுவாராம். பகலில் அவிழ்த்துவிடுவார். கட்டும்போது அது முனகும். அவரும் ஏதோ பேசிக்கொண்டே கட்டுவார். நாயைப் பற்றி நான் பார்த்த எல்லாப் படங்களையும்விட அந்தக் கயிறு எனக்கு அதிகம் சொன்னது. நாயை நேசிக்கலாம், ஆமையையும் காக்கலாம். நடுவில் ஒரு கயிறும், அதைத் தினமும் கட்டி அவிழ்க்கிற ஒரு ஆளும் தேவை.

பிரச்னை கத்பர்ட் பேயோடு நிற்கவில்லை. உலகத்திலேயே பெரிய கடலாமையான தோணி ஆமை, ஐந்நூறு கிலோ எடைகூட வரும் ஜீவன், இந்தியாவில் முக்கியமாக முட்டையிடுவது லிட்டில் அந்தமானிலும் கிரேட் நிகோபாரிலும்தான். லிட்டில் அந்தமானில் முட்டையிட்ட சில ஆமைகளின் முதுகில் செயற்கைக்கோள் கருவி பொருத்தி அனுப்பினார்கள். ஒரு பக்கம் ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையை நோக்கியும், இன்னொரு பக்கம் ஆப்பிரிக்கக் கரையை நோக்கியும் அவை நீந்திப் போயின. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடல் தாண்டி வந்து புதைத்த முட்டையை, போன வருடம் முகாமில் பிஸ்கட் சாப்பிட்ட நாய் பத்து நிமிடத்தில் முடித்துவிடும். நிகோபாரில் கரையோரமாக மண்ணையும் இலையையும் குவித்து முட்டையைப் புதைக்கும் மெகபோட் பறவைக்கும் நாயும் பூனையும் எமன்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? 2001-ல் வந்து 2023-ல் புதுப்பிக்கப்பட்ட நாய்களின் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள், தெரு நாயைப் பிடித்துக் கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடச் சொல்கின்றன. தெருவுக்கு இது நியாயமான விதி. டெல்லித் தெருநாய்களை மொத்தமாகக் காப்பகங்களில் அடைக்க 2025 ஆகஸ்ட் 11-ல் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதி அமர்வு உத்தரவிட்டு, நாடே இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. ஆகஸ்ட் 22-ல் மூன்று நீதிபதிகள் அமர்வு அதைத் திருத்தியபோதும், வெறிநோயோ மூர்க்க குணமோ இல்லாதவற்றைப் பிடித்த இடத்திலேயே விடுவது என்ற இந்த முறைக்குத்தான் திரும்பியது. ஆனால் பிடித்த இடம் ஆமைக் கடற்கரையாக இருந்தால்? கருத்தடை செய்த நாயும் மணலைத் தோண்டும். அந்த விதிகளை எழுதியவர்கள் மனதில் தெரு இருந்தது, கடற்கரை இருக்கவில்லை.

இதைக் கேட்டதும் சுட்டுத் தள்ளு என்பவர்களும் உண்டு. எனக்கு அதில் சம்மதமில்லை. சுடுவதால் முடிகிற காரியமும் அல்ல. ஒரு பக்கம் சுட்டுக்கொண்டிருக்கும்போதே இன்னொரு பக்கம் விட்டுவிட்டுப் போய்க்கொண்டிருப்போம். இந்தத் தீவுகளுக்கு அது பழைய பழக்கம். மத்திய அந்தமானுக்கு மேற்கே இன்டர்வியூ தீவில் மரம் வெட்டிக்கொண்டிருந்த ஒரு கம்பெனி 1962-ல் நொடித்துப் போனபோது, மரம் இழுக்கக் கொண்டு வந்த சுமார் நாற்பது யானைகளை அப்படியே அவிழ்த்துவிட்டுப் போயிற்று. யானைகள் காட்டு யானைகளாகின. அவை தின்று தீர்த்த மரங்களைப் பற்றி விஞ்ஞானிகள் கவலைப்பட்டு எழுதினார்கள். யானையையே விட்டுவிட்டுப் போனவர்களுக்கு நாய் எம்மாத்திரம்?

ஆனால் விட்டுவிட்டுப் போக நேர்ந்தவர்கள் எல்லோரும் கல் நெஞ்சுக்காரர்கள் அல்ல. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கச்சாலிலிருந்து போர்ட் பிளேர் முகாமுக்கு வந்திருந்த ஒரு தமிழ் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தேன். உறவினர்களில் பலரை இழந்தவர். அதைப் பற்றிப் பேச அவரால் முடியவில்லை. நாயைப் பற்றித்தான் பேசினார். மேட்டில் ஏறித் தப்பியபோது கூடவே வந்ததாம். மீட்புப் படகில் ஏற்ற முடியவில்லை. "படகு தூரம் போற வரைக்கும் கரையில ஓடிவந்துச்சு தம்பி" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அதே நாட்களில் புதுச்சேரி பக்கம் சின்ன காலாப்பட்டில் ஒரு நாய், ஓட மறந்து குடிசைக்குள் போன ஏழு வயதுச் சிறுவனின் சட்டையைக் கவ்வி இழுத்து மேட்டுக்குக் கொண்டு சேர்த்த செய்தி பத்திரிகைகளில் வந்தது. அந்தச் செய்தி உலகம் சுற்றியது. கச்சால் கரையில் ஓடிவந்த நாய் எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை. காப்பாற்றிய நாயைத்தான் நாம் கொண்டாடுவோம். காப்பாற்றப்பட வேண்டிய நாயைப் பற்றி யாரும் படம் எடுப்பதில்லை என்று நினைத்திருந்தேன். 'ஓ மை டாக்' அந்த வகையில் எனக்குப் பிடித்ததற்குக் காரணம் அதுதான்.

இந்தத் தீவுகளுக்கு ஒரு பெரும் அதிர்ஷ்டம் வாய்த்திருக்கிறது. இந்தியாவில் வெறிநாய்க்கடி நோய் இல்லாத பகுதிகள் என்று சொல்லப்படுபவை இரண்டுதான்: லட்சத்தீவும் அந்தமான் நிகோபாரும். லட்சத்தீவில் நாயே கிடையாது என்பார்கள். இங்கே நாய் ஏராளம், நோய் மட்டும் இல்லை. மதுரையிலோ சென்னையிலோ ஒரு தாய்க்குத் தெருநாயைப் பார்த்ததும் வரும் அந்த அடிவயிற்றுப் பயம் இங்குள்ளவர்களுக்கு அவ்வளவு கிடையாது. நாயோடு கண்ணியமாக வாழ்ந்து காட்ட இதைவிட வசதியான இடம் நாட்டில் இல்லை. கண்டபடி வெளியிலிருந்து குட்டி இறக்குமதி செய்து அந்த அதிர்ஷ்டத்தோடு விளையாடாமல் இருந்தால் போதும்.

எங்கள் தெருவைப் பற்றியும் சொல்ல வேண்டும். போர்ட் பிளேர் உத்தியோகஸ்தர்களின் ஊர். இரண்டு மூன்று வருடப் போஸ்டிங்கில் வருவார்கள். தனிமை, கடல், மழை. முதல் ஆறு மாதத்தில் வீட்டுக்கு ஒரு குட்டி வந்துவிடும். மூன்றாம் வருடம் மாற்றல் உத்தரவு வரும். அலமாரியும் ஃபிரிட்ஜும் கப்பலேறும். எங்களுக்கு மூன்று வீடு தள்ளி இருந்த குடும்பம் அப்படிப் போனது. அவர்களுடைய லாப்ரடார் கேட் வாசலில் உட்கார்ந்தது. சாயங்காலம் ஐந்தரை மணிக்கு, ஆபீஸ் ஜீப் வரும் நேரத்தில், எழுந்து நின்று ரோட்டைப் பார்க்கும். ஆறரைக்கு மறுபடி உட்காரும். மழையிலும் அப்படித்தான்.

பேரனிடம் ஹஸ்கி முடியாது என்று நான் கடைசிவரை சொல்லவில்லை. ஒரு நாள் மாலை ஐந்தேகாலுக்கு அவனை அந்த கேட்டுக்கு அழைத்துப் போய் நிற்க வைத்தேன். ஏழு மணிக்கு வீடு திரும்பினோம். அவன் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் தன் தட்டிலிருந்த மீனோடு அவனாகவே கிளம்பினான். நாய் எங்கள் திண்ணைக்கு வந்து சேரப் பதினோரு நாள் ஆயிற்று. அதற்கு சிம்பா என்று பெயர் வைக்கப் பார்த்தான். அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பழைய எஜமானர்கள் வைத்த பிரௌனி என்ற பெயருக்குத்தான் வால் ஆடுகிறது. அதனால் அது பிரௌனியாகவே இருக்கிறது. ஐந்தரைக்கு இன்னமும் காதை நிமிர்த்துகிறது. அவன் அதன் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறான். சினிமாவில் காட்டுகிற மாதிரியான பாசம் இதில் இல்லை. குளிப்பாட்டுவதும், உண்ணி எடுப்பதும், ராத்திரி கட்டுவதும், ஊசிக்கு அழைத்துப் போவதும்தான் இருக்கிறது. இரண்டரை மணி நேரத்தில் முடிகிற சமாச்சாரமும் அல்ல. நாய்க்கு ஆயுசு பத்துப் பன்னிரண்டு வருடம்.

இவ்வளவும் இப்போது எழுதக் காரணம் உண்டு. கிரேட் நிகோபாரில் கலதியா விரிகுடாவில் பெரிய துறைமுகமும், அதையொட்டி விமான நிலையமும் நகரமும் வருகின்றன. 2021-ல் அங்கிருந்த வனவிலங்கு சரணாலயத்தின் அந்தஸ்து நீக்கப்பட்டது. 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. தோணி ஆமைகள் தலைமுறை தலைமுறையாக வந்து முட்டையிட்ட அதே விரிகுடா. சுனாமியில் அந்தக் கரையே அழிந்து, மணல் மறுபடி சேர்ந்து, ஆமைகளும் திரும்பி வந்த இடம். கான்கிரீட்டும் கப்பலும் விளக்கு வெளிச்சமும் செய்யப்போகிற கெடுதலுக்கு முன்னால் நாய் செய்வது சிறிது. அதை மறைத்து நாயை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது அநியாயம். ஆனால் சில ஆயிரம் பேர் வாழும் தீவில் லட்சக்கணக்கானவர்களைக் குடியேற்றத் திட்டமிடும்போது, அவர்களோடு நாயும் போகும். 1858-ல் அப்படித்தான் போயிற்று. 1949-லும் 1969-லும் அப்படித்தான்.

இந்த முறையாவது முன்கூட்டியே செய்யக்கூடிய காரியங்கள் சில இருக்கின்றன. ஆமைக் கரைகளுக்குப் பக்கத்தில் போடும் முகாம்களில் நாய் வளர்க்கக் கூடாது என்று காண்டிராக்டருக்கு முதல் நாளே எழுதிக் கொடுக்கலாம். ஏற்கெனவே கரையில் திரியும் நாய்களைக் கொல்லாமல், மறுபடி அங்கேயே கொண்டுபோய் விடாமல், ஊருக்குள் வைத்துப் பராமரிக்க விதியில் இடம் செய்யலாம். வளர்ப்பு நாய்க்குப் பதிவும், யாருடையது என்று காட்டும் அடையாளமும் கட்டாயமாக்கலாம். மாற்றலாகிப் போகும் உத்தியோகஸ்தரிடம் குவார்ட்டர்ஸ் சாவியையும் கரண்ட் பில் ரசீதையும் கேட்டு வாங்குகிறார்கள். அந்தப் படிவத்தில் இன்னும் ஒரே ஒரு கேள்வியைச் சேர்த்தால் போதும்: உங்கள் நாய் எங்கே?